வேரோடு ஒரு வாழை

அய்யா,

இதை ஃபோனில் பேசி அனுப்பியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, முன்னே பின்னே இருக்கும். உனக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவசரப்படாமல் வாசி. புரியாத இடம் வந்தால் கவிதாவிடம் கொடு, அவள் நன்றாக வாசிப்பாள். அவள் இதைத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒன்றுமில்லை. இந்த வீட்டுக்கு வரப்போகிறவள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இப்போது தங்கி வேலை பார்க்கிற ஐரோலியில் இருந்து வந்து உட்கார்ந்ததும் சொன்னாய். கவிதா வீட்டில் ஜாதகம் பார்த்திருக்கிறார்கள், உனக்கு முதல் தாரம் தங்காது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார், அதனால் கல்யாணத்துக்கு முன்னால் நீ ஒரு வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும், தோஷம் அதோடு போய்விடும், பிறகு கவிதாவுக்குக் கட்டினால் அவளுக்கு ஒன்றும் வராது என்று. "மரம் வேரோட வேணுமாம்மா. நீ கொண்டாந்துரு" என்றாய். நான் முடியாது என்றேன். "வேற யார்ட்டயாவது சொல்லு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "அரே அம்மா, ஒரு மரந்தான. தெனமும் அருவாள வச்சுக்கிட்டு அறுத்துத் தள்ளுத. இந்த ஒண்ணுல ஒனக்கு என்ன வந்துச்சு?" என்றாய். நான் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுவிட்டேன். போட்ட சோறு தட்டிலேயே இருந்தது. "கவிதாவ பிடிக்கலன்னா நேராச் சொல்லும்மா, டிராமா போடாத" என்று சொல்லிவிட்டு நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

கவிதாவை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று என்னைவிட யாரும் ஆசைப்படவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த ஒரு மரத்தை மட்டும் என்னால் ஏன் கொண்டுவர முடியவில்லை என்பதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பா போன பிறகு நம்மைக் காப்பாற்றியது வாழைதான். நீ அப்போது கையில் பிடித்தால் நடக்கிற பிள்ளை, உன் அக்கா செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தாராவியில் இருந்து விடியும் முன் கிளம்பி தாதரில் சரக்கு எடுத்து, மாட்டுங்கா மார்க்கெட் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். இன்றைக்கும் அதே இடம்தான். வாழையில் எறிகிற பொருள் என்று ஒன்று கிடையாது. இலை மெஸ்ஸுக்கும் விசேஷ வீட்டுக்கும் போகும், கிழிந்த ஏடு பூக்காரிகளுக்குப் பொட்டலம் கட்டப் போகும், நார் அவர்களுக்கே பூத்தொடுக்கப் போகும். பூவை ஆய்ந்து நடுவில் இருக்கிற கள்ளன் நரம்பை எடுத்து மோர்த் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் வேலைக்குப் போகிற பெண்கள் வாங்கிப் போவார்கள். மாதத் தீட்டு நிற்காமல் படுகிறவர்களுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் பூ நல்லது என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். பிஞ்சுக்காய் வயிற்றுப்போக்குக்கு. பழம் எதற்கு என்று உனக்கே தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வேலை பார்க்கிற ஒருத்தி வந்து குருத்திலையாகப் பார்த்து வாங்குவாள். வெந்த உடம்பை எந்தத் துணியில் போட்டாலும் ஒட்டிக்கொண்டு உரியுமாம், வாழையிலையில் ஒட்டாதாம். அவள் வந்தால் நான் உள்ளே இருந்து எடுத்து நல்ல இலையாகக் கொடுப்பேன்.

எல்லாவற்றையும்விட ஓட்டம் தண்டுக்குத்தான். சிறுநீரில் கல் என்றால் மாட்டுங்காவில் பாதிப் பேர் முதலில் என்னிடம்தான் வருவார்கள், அப்புறம்தான் டாக்டர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாடியில் இருக்கிற மாமி ஒருத்தி, தண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, போன தடவை குடுத்தது வெறும் நாரு. எங்காத்துக்காரருக்குக் கல்லு கரையறதுக்குள்ளே எனக்குப் பல்லு கரைஞ்சுடும் போலிருக்கே" என்பாள். "கடிச்சுத் திங்கச் சொன்னது யாரு மாமி, சாறெடுத்துல்லா அவியளுக்குக் குடுக்கச் சொன்னேன்" என்பேன். "அவர் குடிக்கிறது போறாதா, நானும் கூட்டு பண்ணிச் சாப்பிட வேண்டாமா?" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்டை வளையமாக அறுத்து நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கிற செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவள் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும், சத்தம் வராது. உனக்கு அது நினைவிருக்கும்.

அவளுக்குத்தான் அந்த நோய் வந்தது. முதலில் முகம் வீங்கியது, பிறகு கால். மூச்சு வாங்கியது. கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை, இனி மெஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். நீ அப்போது பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாய். கிட்னி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "தண்டுச் சாறு குடுக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. அந்த லேடி டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கல் என்பது வேறு, கிட்னி செத்துப்போவது வேறு, வாழையில் இருக்கிற பொட்டாசியம் என்கிற உப்பை இவள் உடம்பு வெளியே தள்ளாது, அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தண்டு கூடாது, பூ கூடாது, பழம் கூடாது, இளநீர் கூடாது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். செல்வி என் கையைப் பார்த்தாள். வாழைக்கறை பிடித்துக் கறுத்துக் கிடக்கிற கை. "நல்லாருக்கும்மா. ஊருக்கெல்லாம் மருந்து விக்குத, வீட்ல எனக்கு அது வெசமாப் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவளே தோளைக் குலுக்கினாள்.

அன்றிலிருந்து யார் கிட்னி என்று வந்தாலும் நான் முதலில் விசாரிப்பேன். கல்லா, இல்லை வேறு ஏதாவதா, டாக்டர் என்ன சொன்னார், ரிப்போர்ட் இருக்கிறதா என்று. சரியாகப் பதில் சொல்லாதவர்களுக்குத் தண்டு கொடுக்க மாட்டேன். "விக்க உக்காந்தியா, விசாரிக்க உக்காந்தியா?" என்று ஒருவர் கத்திவிட்டுப் போயிருக்கிறார். போகட்டும்.

அவள் படுக்கையோடு படுக்கையாக இருந்த நாட்களில் நான் சரக்கை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. மிஞ்சிய பழத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் நுழைவேன். ஆனாலும் என் சேலையில் அந்த மணம் இருக்குமே. ஒரு நாள் அவள், "அம்மா, இன்னைக்கு ரஸ்தாளியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கொஞ்சம் இங்கன வந்து உக்காரு" என்று என் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு துண்டு கொடு என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

நீ உன் கிட்னியைத் தருகிறேன் என்று பெங்களூரில் இருந்து ஓடி வந்தாய். என்னுடையது பொருந்தவில்லை என்று ஆகிவிட்டிருந்தது. அவள் உன்னை டெஸ்ட்டுக்கே விடவில்லை. உன்னிடம் என்ன காரணம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நீ போன பிறகு என்னிடம் சொன்னது இதுதான்: "அவன் கல்யாணம் முடிக்க வேண்டிய பையம்மா. ஒத்தக் கிட்னின்னா எவன் பொண்ணு குடுப்பான்?" இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். உன் கல்யாணம் வந்துவிட்டது. அந்தச் சத்தியம் இனி எதற்கு?

அவள் போன அன்று நீ ஃப்ளைட் பிடித்து வருவதற்குள் இங்கே ஒன்று நடந்தது. கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை அப்படியே எரிக்கக்கூடாது என்று நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வாழைக்குக் கட்டிக்கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அவள் ஆசை தீராமல் இந்த வீட்டையே சுற்றி வருவாள் என்று சொன்னார்கள். சுற்றி வந்தால் வரட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் நம் தெருப் பெரியவர்கள் வாசலில் நின்றார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். வாழை வேரோடு வேண்டும் என்றார்கள். வேரோடு மரம் எங்கே கிடைக்கும் என்று அந்தத் தெருவில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

தாதரில் எனக்குச் சரக்கு தருகிற வசாய்க்காரரை உனக்குத் தெரியும். பாவு என்று கூப்பிடுவேன், மராட்டியில் அண்ணன். அவருக்கு வசாயில் சொந்தத் தோட்டம் இருக்கிறது. செல்வியை மடியில் சாய்த்துக்கொண்டே அவருக்கு ஃபோன் போட்டேன். வேரோடு ஒரு மரம் உடனே வேண்டும் என்றேன். விசேஷ வீட்டுக்கு வாசலில் கட்ட வெட்டின மரம் போதும், வேரோடு கேட்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். "ஷாதி ஹை க்யா?" என்று கேட்டார். கல்யாணமா என்று. "ஹா" என்று என் வாய் சொல்லிவிட்டது. யாருக்கு என்றார். "பேட்டி கி" என்றேன், மகளுக்கு என்று. அந்தப் பக்கம் சந்தோஷமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவரே தோட்டத்தில் நின்று பார்த்து எடுத்த மரம், வேரில் மண்ணோடு ஈரச் சாக்கு சுற்றி, குங்குமம் வைத்து, டெம்போவில் வந்தது. அப்படி ஒரு மரத்தை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. ஒரு இலைகூடக் கிழியவில்லை.

மஞ்சள் கயிற்றை மரத்தில் தொட்டு எடுத்து அவள் கழுத்தில் கட்டினார்கள். கட்டியது நான் இல்லை, எனக்குக் கை வரவில்லை. பிறகு மரத்தை வெட்டிச் சாய்த்து வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். நீ ஏர்போர்ட்டில் இருந்து பையோடு வந்து அதைத் தாண்டித்தான் உள்ளே நுழைந்தாய். அம்மாவின் சரக்கு என்று நினைத்திருப்பாய். வேறு எந்த வீட்டு வாசலில் கிடந்திருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பாய், நம் வாசலில் கேட்கத் தோன்றாது. அவள் கழுத்து வரை மாலை கிடந்தது. கயிறு உன் கண்ணில் படவில்லை. உன்னிடம் சொல்லவேண்டாம், படித்த பையன், சண்டை போடுவான் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் சரக்கு எடுக்கப் போனபோது பாவு, "மிட்டாய் எங்கே?" என்று கேட்டார். நான் திரும்பிப் போய் பேடா வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு பண்டிகைக்குப் பண்டிகை கேட்பார், மகள் எப்படி இருக்கிறாள், மாப்பிள்ளை எப்படி, விசேஷம் ஏதாவது உண்டா என்று. "டீக் ஹை", நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு இலையை எண்ணுவது போலக் குனிந்துகொள்வேன். பொய்தான். ஆனால் இந்தப் பம்பாயில் அவர் ஒருவர்தான் அவளை உயிரோடு இருக்கிற பெண்ணாக நினைத்து விசாரிக்கிறவர். அதைக் கேட்பதற்காகவே சில நாள் வேலை இல்லாமல் அங்கே நின்றிருக்கிறேன்.

இப்போது புரிகிறதா, உன் "ஒரு மரந்தான" என்பது எனக்கு என்னவென்று. நான் கேட்டால் பாவு, மறுபடியும் கல்யாணமா என்பார். மகள் வருவாள்தானே என்பார்.

நீ கோபித்துப் போன மறுநாள் செம்பூருக்குப் போனேன், கவிதா அம்மாவைப் பார்க்க. இந்தப் பரிகாரம் வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அவள் டீயோடு ஒரு தட்டு நேந்திரங்காய் வறுவல் கொண்டு வந்து வைத்துவிட்டு, "வாழைக்காரிக்கே வாழைக்கா குடுக்கேன் பாருங்க, எனக்கும் ஒரு புத்தி" என்று சிரித்தாள். நான் பேச்சை எடுத்ததும் சிரிப்பு போய்விட்டது.

"மைனி, எங்கக்கா தலைப்பிரசவத்துல போனா. அவ மாப்ளைக்கும் இதே கட்டந்தான். பரிகாரம் பண்ணணும்னு சொன்னாவ. எங்கப்பா, அதெல்லாம் பாக்காதயன்னு விட்டுட்டாரு. அதனாலதான் போனாளான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா எங்கம்மா சாகுத வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா."

"மரத்த வெட்டுனா போயிருமா அது?" என்றேன்.

"போவுமோ போவாதோ. செய்யாம விட்டு, நாளைக்கு எம்பிள்ளைக்கு ஒரு தலவலி வந்தாக்கூட நான் என்னையத்தான் கொல்லுவேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் மைனி."

நான் டீயைக் குடித்து முடித்து எழுந்தேன். நானும் நம்பியா அன்றைக்கு ஃபோன் போட்டேன்? பிள்ளைக்குச் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்று இருக்கக்கூடாதே என்றுதான். அவள் பயம் எனக்குத் தெரிந்த பயம். ஜோசியர் சொல்வதை நீ நம்ப வேண்டியதில்லை, நான் நம்பச் சொல்லவும் இல்லை. ஆனால் கவிதா அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதே. கல்யாணத்துக்குப் பிறகும் செய்யாதே. மாமியார் மூடநம்பிக்கைக்காரி என்று கூட்டாளிகளிடம் பேசிச் சிரிக்கிற பழக்கம் உனக்கு வரவேண்டாம்.

அங்கிருந்து நேரே தாதருக்குப் போனேன். வியாபாரம் முடிந்து பாவு சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். வேரோடு ஒரு மரம் வேண்டும் என்றேன். நான் நினைத்தது போலவே முகம் மலர்ந்து, "பையனுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "பேட்டி வருவாளா?" என்றார். நான் குனிந்துகொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில், இல்லை பாவு, அவள் அன்றைக்கே இறந்துவிட்டாள், நீங்கள் அனுப்பிய மரம் அதற்குத்தான் என்று சொன்னேன். அவர் மடித்த சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் மிட்டாய் வாங்கித் தின்றேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது, மரத்தை டெம்போவில் அனுப்ப மாட்டேன், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். வருவார். வந்தால் அவரை உட்கார வைத்து சாப்பாடு போட்டு அனுப்பு.

ஆக மரம் வரும். உன் கல்யாணத்துக்கு என்னால் ஒரு தடையும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செல்வி போன அன்று நீ அழவில்லை. வண்டி பிடிக்க, விறகுக்குச் சொல்ல, சர்டிபிகேட் வாங்க என்று நின்றுகொண்டே இருந்தாய். கொள்ளி வைக்கும்போதும் உன் கண்ணில் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. அவள் பேச்சை எடுத்தால் ஃபோனை எடுத்துக்கொள்கிறாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ தருகிறேன் என்றதை அவள் வாங்கவில்லை, அது உனக்குள்ளே கட்டியாக நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

பரிகாரம் நடக்கிற அன்று உன் கூட்டாளிகள் வருவார்கள். மரத்துக்குத் தாலி கட்டுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஃபோனைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. அரிவாளை நீயே வாங்கி வெட்டு. வெட்டி முடித்ததும் தாரத்தை இழந்தவன் மாதிரி உன்னைத் தலை முழுகச் சொல்வார்கள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டு குழாயை நன்றாகத் திறந்துவிடு. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இந்த வீட்டில் ஒரு சாவு நடந்ததாகத்தான் எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று ஒருத்தரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். உன் அக்காவுக்கு அப்போது அழுதுவிட்டு வா. நான் துண்டை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் தட்ட மாட்டேன்.

அம்மா